திறந்து பார்த்தவர் சொல்லும் லேப்டாப் கணக்கு

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் தொடங்கி கல்லூரிகள் திறக்கும் வரைக்கும் சென்னை ரிச்சி தெருவில் தோள் உரசாமல் நடக்க முடியாது. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்துகள் பிரிகின்றன. அவற்றிலெல்லாம் அப்பா அம்மாவோடு பிள்ளைகள் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். அந்தத் தெருவில் இரண்டு வகைத் தொழிலாளிகள் உண்டு. ஒருவர் லேப்டாப் விற்பவர், இன்னொருவர் அதைத் திறந்து பார்ப்பவர். இந்தக் கட்டுரையில் வருபவர் இரண்டாம் வகை. மாடிப்படிக்கு மேலே ஒரு சின்ன அறை, மேசையில் ஹாட் ஏர் கன், மல்டிமீட்டர், ஸ்க்ரூக்களைப் பிரித்துப் போட மாத்திரை டப்பாக்கள். இருபது வருடத்துக்கு மேலாக அவருடைய பிழைப்பு அங்கேதான்.

விற்பவர் ஒரு லேப்டாப்பை அதன் முதல் நாளில் பார்க்கிறார். இவர் பார்ப்பது மூன்றாவது வருடத்தில். அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த பெருமைகளில் எது நின்றது, எது பாதியில் போனது என்பது இவர் மேசைக்கு வரும்போதுதான் தெரிகிறது. இவர் எதையும் விற்பதில்லை. அதனால் வாங்குவதற்கு முன்பே இவரிடம் வந்து கேட்பவர்கள் பலர்.

அப்படித்தான் ஆவடியிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் சிபிஎஸ்இ பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. கீழே ஒரு கடையில் சிவப்பு விளக்கு எரியும் விசைப்பலகையோடு ஒரு கேமிங் லேப்டாப்பை எழுபதாயிரத்துக்குச் சொல்லியிருந்தார்கள்.

“அண்ணா, ஐ-செவன் போட்டதா பார்த்து வாங்கச் சொல்றாங்க. படிப்புக்கும் ஆகணும், இவ கேமும் ஆடணுமாம்.”

அவர் அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. மகளைப் பார்த்து, “நீ என்ன கேம் ஆடுறம்மா?” என்று கேட்டார்.

“வேலரன்ட். அப்புறம் மைன்கிராஃப்ட்.”

அந்தப் பதிலிலேயே பாதிப் பணம் மிச்சமானது. வேலரன்ட் 2020இல் வந்த விளையாட்டு. சாதாரணக் கணினிகளிலும் ஓட வேண்டும் என்றே அதைச் செய்தார்கள். குறைந்தபட்சத் தேவையாக அதை உருவாக்கிய நிறுவனம் குறிப்பிடுவது 2012 காலத்து இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸைத்தான். இன்றைய நடுத்தர லேப்டாப்பில் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதைவிடப் பல மடங்கு வேகம். ஷேடர் எதுவும் போடாத மைன்கிராஃப்டும் அப்படித்தான். பள்ளிப் பாடத்துக்கு வேண்டியது பைத்தான், மைஎஸ்க்யூஎல். தமிழ்நாடு பாடத்திட்டமாக இருந்தால் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். இவற்றுக்குத் தனி கிராபிக்ஸ் சிப் எதற்கு?

“கேமிங் லேப்டாப் வேணும்” என்று யாராவது சொன்னால் அவர் விடாமல் விளையாட்டின் பெயரைக் கேட்பதற்குக் காரணம் இதுதான். பல பையன்கள் பிஜிஎம்ஐ என்பார்கள். அது போனுக்கான விளையாட்டு, கணினிக்கு அதன் அதிகாரபூர்வப் பதிப்பு கிடையாது. அதற்காக எண்பதாயிரம் செலவழிப்பது வீண். ஜிடிஏ ஃபைவ் என்றால் கொஞ்சம் கனமான கிராபிக்ஸ் வேண்டும். சைபர்பங்க் 2077 என்றால் பேச்சே வேறு. 2023இல் அதன் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் எஸ்எஸ்டியையே கட்டாயமாக்கிவிட்டார்கள், பழைய ஹார்டு டிஸ்க்குக்கு ஆதரவு இல்லை. ஆப்பிள் மேக்புக் வாங்கித் தரலாம் என்று நினைக்கும் வசதியான அப்பாக்களிடமும் இதே கேள்விதான். வேலரன்ட் மேக்கில் ஓடாது, லினக்ஸிலும் ஓடாது. வாங்கிய பிறகு பிள்ளை முகம் வாடுவதைவிட முன்னாலேயே கேட்டுவிடலாம்.

ஆவடிப் பெண்ணுக்கு அவர் எழுதிக் கொடுத்தது இன்டெல் கோர் ஐ-ஃபைவ் 1235யூ பிராசஸர் உள்ள, ராம் ஸ்லாட் இரண்டு கொண்ட ஒரு மாடல். 8 ஜிபி ராமோடு வந்தது. வாங்கியவர்கள் அதை அப்படியே மாடிக்குக் கொண்டுவந்தார்கள். அவர் டிவைஸ் மேனேஜரைத் திறந்து கிராபிக்ஸ் பெயரைக் காட்டினார். வெறும் ‘யூஎச்டி’ என்றிருந்தது. அடியைக் கழற்றி, காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி போட்டு மறுபடி ஆன் செய்தார். அதே இடத்தில் இப்போது ‘ஐரிஸ் எக்ஸ்ஈ’ என்று வந்தது. அந்தப் பெண் கண்ணை விரித்துப் பார்த்தாள். சிப் மாறவில்லை. அந்தத் தலைமுறை இன்டெல் சிப்களில் ராம் இரண்டு சேனலில் ஓடினால்தான் கிராபிக்ஸுக்கு அந்தப் பெயரும் முழு வேகமும் கிடைக்கும். பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஒற்றை ராமோடு விடுவது, கல்யாண மண்டபத்தில் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்து ஊரையே உள்ளே வரச் சொல்வது மாதிரி.

பெட்டியில் இந்த விஷயம் எழுதியிருக்காது. 8 ஜிபி என்றுதான் இருக்கும்.

இப்படி ஆயிரக்கணக்கான லேப்டாப்களைத் திறந்த கையில் ஒரு கணக்கு பதிந்துபோயிருக்கிறது. பின்னால் மாற்ற முடிந்தவை, மாற்றவே முடியாதவை என்று லேப்டாப்பை இரண்டாகப் பிரிப்பார். எஸ்எஸ்டியை மாற்றலாம். ஸ்லாட் இருந்தால் ராமை ஏற்றலாம். பேட்டரி, விசைப்பலகை, வைஃபை கார்டு எல்லாம் மாற்றலாம். பிராசஸரை மாற்ற முடியாது, கிராபிக்ஸ் சிப்பையும் முடியாது. இரண்டும் மதர்போர்டோடு சால்டர் செய்தவை. வெப்பத்தை வெளியே தள்ளும் ஹீட் பைப்பும் ஃபேனும் அந்த உடம்புக்கென்றே வார்த்தவை, பெரிதாக்க வழியில்லை. மெல்லிய லேப்டாப்களில் ராமும் போர்டிலேயே பதிந்திருக்கும். கையிலிருக்கும் பணத்தை முதலில் மாற்ற முடியாதவற்றில் போடுங்கள் என்பார். விற்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். 1 டிபி எஸ்எஸ்டி இலவசம், பை இலவசம், மவுஸ் இலவசம் என்று அடுக்கிவிட்டு, உள்ளே இருப்பது எந்தப் பிராசஸர் என்பதைச் சொல்லாமல் கடந்துவிடுவார்கள்.

பிராசஸர் பெயரில் இருக்கும் சூட்சுமத்தை அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார். ஏஎம்டி ரைசன் ஃபைவ் 7520யூ, ரைசன் ஃபைவ் 7530யூ. கடைப் பலகையில் பார்த்தால் பத்தே எண் வித்தியாசம். ஆனால் 2023 வரிசைப் பெயர்களில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருப்பது எந்தக் கட்டமைப்பு என்று சொல்கிறது. 2 என்றால் ஜென் 2. அது 2019இல் அறிமுகமானது. 3 என்றால் ஜென் 3. 7520யூவில் நான்கு கோர், 7530யூவில் ஆறு. 7520யூவில் உள்ளிருக்கும் கிராபிக்ஸும் மிகச் சிறியது. அந்தச் சிப் ஏற்பது எல்பிடிடிஆர்5 ராமை மட்டும். அதாவது ராம் எப்போதும் போர்டில் பதிந்தே வரும், 8 ஜிபியில் வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். இதை எழுதிக் காட்டியபோது ஒரு அப்பா அந்தத் துண்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். இன்டெல் பக்கத்தில் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பார்க்க வேண்டும். யூ என்றால் மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும், பேட்டரி நிற்கும். எச் என்றால் சக்தி அதிகம், சூடும் அதிகம். ஐ-செவன், ஐ-ஃபைவ் என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வாங்கினால், நாலைந்து வருடப் பழைய ஐ-செவன் இன்றைய ஐ-ஃபைவிடம் தோற்பது தெரியாமலே போகும்.

தனி கிராபிக்ஸ் சிப்பில் ஏமாற்றம் இன்னும் ஆழமானது. கல்லூரி முதலாண்டுப் பையன்கள் இருவர் ஒரு நாள் சேர்ந்து வந்தார்கள். இருவரிடமும் ஆர்டிஎக்ஸ் 3050. ஒருவன் லேப்டாப்பில் ஜிடிஏ வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, மற்றவனுடையதில் திக்குகிறது. “அண்ணே, என்னோடதுல ஏதோ டுபாக்கூர் கார்டு போட்டுட்டாங்க” என்றான் இரண்டாமவன். கார்டு அசல்தான். ஒரே பெயருள்ள அந்தச் சிப்பை 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை எந்த அளவிலும் வைத்துக்கொள்ள லேப்டாப் செய்பவர்களுக்கு அனுமதி உண்டு. மெல்லிய உடம்பில் சூட்டை வெளியேற்ற இடமில்லாதபோது வாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். ஆர்டிஎக்ஸ் 4050இல் இந்த இடைவெளி இன்னும் அகலம், 35இலிருந்து 115 வாட் வரை. என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எவ்வளவு என்று தெரியும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பிலேயே பார்க்கலாம். அவர் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் அது. அடுத்தது கிராபிக்ஸின் சொந்த நினைவகம். 4 ஜிபி என்றால் புதிய விளையாட்டுகளில் உடனே நிரம்பிவிடும். 6 ஜிபி உள்ளதைப் பார்த்து வாங்கினால் பட்டப்படிப்பு முடிகிற வரை தாங்கும். ஆர்டிஎக்ஸ் 2050 என்று விற்பதும் 4 ஜிபிதான், அதன் நினைவகப் பாதையும் குறுகலானது. விலை வித்தியாசம் சில ஆயிரம் என்றால் அதைத் தவிர்த்துவிடச் சொல்வார்.

இத்தனையும் விளையாட்டுக்கு. ஆனால் அவர் மேசைக்கு வரும் லேப்டாப்களைக் கொல்வது பெரும்பாலும் வேகக் குறைவு அல்ல. சூடு, ஹிஞ்ச், தண்ணீர், பேட்டரி. இவை நான்கும்தான்.

சூட்டை எடுத்துக்கொள்வோம். சென்னை மே மாதத்தில் வெளியே 40 டிகிரி. ஏசி இல்லாத அறையில், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து ஆடுகிறான் பையன். காற்றை உள்ளே இழுக்கும் துளைகள் அடியில் இருக்கின்றன, அவற்றை மெத்தை அடைத்துக்கொள்கிறது. பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. திரையில் விளையாட்டு இழுத்து இழுத்துப் போகிறது. “அண்ணே, லேக் ஆகுது, ராம் போடணுமா?” என்று கொண்டுவருகிறான். கழற்றினால் ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தூசியும் பஞ்சும் மயிரும் சேர்ந்து ஒரு துணி மாதிரி படிந்திருக்கும். அதை விரலால் உரித்தே எடுக்கலாம். தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிரும். துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து மூடினால் பழைய வேகம் திரும்பும். ராமுக்கு ஒரு பைசா செலவில்லை. கேமிங் லேப்டாப் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்துகொள்ளும் பழக்கம் வைத்துக்கொண்டாலே போதும் என்று அவர் மன்றாடாத குறையாகச் சொல்கிறார். ஒரு மரப்பலகை போதும், மெத்தையிலிருந்து தூக்கி வைக்க.

ஹிஞ்ச் விவகாரம் அவரை உண்மையாகவே வருத்தும் ஒன்று. திரையைத் தாங்கும் இரும்புக் கீலை பிளாஸ்டிக் உடம்பில் புதைத்த சின்னப் பித்தளை நட்டுகளில்தான் முடுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் திரையை ஒரு மூலையைப் பிடித்துத் திறப்பார்கள். கீல் இறுகியிருந்தால் நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடும். பிறகு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உடம்பு பிளந்துகொண்டே போகும். அதனால் கடையில் லேப்டாப்பைக் கையில் எடுத்ததும் அவர் செய்வது, ஒரே விரலால் திரையை நடுவில் பிடித்துத் திறந்து பார்ப்பது. அடிப்பகுதி கூடவே எழும்பாமல் திரை மட்டும் இலகுவாகத் திறந்தால் நல்லது. பிறகு விசைப்பலகையின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துவார். உள்வாங்கிக் குழிந்தால் வேண்டாம் என்று தலையை ஆட்டுவார்.

டச்பேட் கிளிக் ஆகவில்லை, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று யாராவது வந்தால் அவர் டச்பேடைப் பார்க்க மாட்டார். உடனே ஆஃப் செய்து பேட்டரியைக் கழற்றுவார். டச்பேடுக்கு அடியில் இருக்கும் பேட்டரி உப்பியிருக்கும். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். எந்நேரமும் சார்ஜரில் போட்டபடியே நூறு சதவீதத்தில் ஆடுகிறவர்களிடம் இது அதிகம். இப்போது பல நிறுவனங்கள் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைத் தங்கள் மென்பொருளிலேயே கொடுக்கின்றன. வாங்கிய அன்றே அதை ஆன் செய்துவிடலாம். கேமிங் லேப்டாப் எப்படியும் பேட்டரியில் முழு வேகம் காட்டாது. செருகினால்தான் ஆட்டம்.

செருகுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கேமிங் லேப்டாப்பின் அடாப்டர் 150 வாட்டோ 230 வாட்டோ இருக்கும், அதற்கு மூன்று பின். எர்த் இல்லாத பழைய வீடுகளில் இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டுச் செருகிவிடுகிறார்கள். உலோக உடம்பைத் தொட்டால் சுர்ரென்று கை கூசும். “கரன்ட் லீக் ஆகுது, மாத்திக் குடுங்க” என்று லேப்டாப்பைத் தூக்கி வருவார்கள். இவர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லி அனுப்புவார்.

பாடப்புத்தகம் பிடிஎஃப் ஆகிவிட்ட காலத்தில் திரைதான் மாணவனின் கண்ணுக்கு நேராக நிற்பது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விலை குறைந்த லேப்டாப்களில் இன்னமும் டிஎன் வகைத் திரை வருகிறது. கொஞ்சம் சாய்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். 250 நிட்ஸ் வெளிச்சம் ஜன்னலோரத்தில் போதாது, 300 இருந்தால் நல்லது. திரையைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு வரும் கேபிளில் பெரும்பாலும் 30 பின்தான், 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 40 பின் வேண்டும். போர்டு வரைக்கும் அந்த வழி இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆக, திரையையும் மாற்ற முடியாதவற்றில் சேர்த்துவிடுங்கள் என்கிறார்.

உதிரிபாகம் கிடைக்கிற மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும் என்ற அறிவு இவருக்கு வந்தது அரசின் இலவச லேப்டாப்களிலிருந்து. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்கள் லட்சக்கணக்கில் லேப்டாப் பெற்றார்கள். அரசு நிறுவனமான எல்காட் மொத்தமாக வாங்கியதால் ஒரே மாடல் ஊர் ஊராக இருந்தது. எனவே அந்த மாடல்களுக்கு டிஸ்ப்ளே, விசைப்பலகை, அடாப்டர் எல்லாம் ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைத்தன. விலையும் குறைவு. எங்கோ தள்ளுபடியில் வாங்கிய அபூர்வ மாடலுக்கு ஒரு ஹிஞ்ச் தேடி மாதக்கணக்கில் காத்திருக்கும்போது, அந்த அரசு லேப்டாப்கள் அரை நாளில் சரியாகி வீடு போனதை அவர் நினைத்துக்கொள்வார். வீட்டிலேயே முதல் கணினியாக அதைப் பெற்ற பிள்ளைகள் அவரிடம் கொண்டுவந்தபோது, அதை அவர்கள் துணியில் சுற்றிப் பத்திரமாக எடுத்துவந்த விதத்தை இப்போதும் சொல்கிறார்.

கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு அவர் தயங்காமல் சொல்வது, அலுவலகங்களில் ஓடித் திரும்பிய பழைய பிசினஸ் லேப்டாப்களை. லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490 போன்றவை. உறுதியான உடம்பு, நல்ல விசைப்பலகை, எளிதில் கழற்றலாம். டி480இல் ராம் ஸ்லாட்டே இரண்டு. ஆனால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்கக் கூடாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏழாம் தலைமுறைச் சிப்களைப் பொதுவாக ஏற்பதில்லை. விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். ஒரு படி கீழே உள்ள, பழைய சிப்போடு வரும் டி470ஐப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் மாணவனுக்கு வேண்டாம் என்பது அவருடைய கட்சி.

“கேம் ஆடினா படிப்பு கெடாதா?” என்று கேட்காத பெற்றோர் இல்லை. நேரக் கணக்கை நீங்கள் வீட்டில் பேசி வையுங்கள் என்று அதை அவர்களிடமே விட்டுவிடுகிறார். ஆனால் டிரைவர் என்றால் என்ன, ஃபிரேம் ரேட் ஏன் விழுகிறது, சூடு ஏன் ஏறுகிறது என்று தானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வரும் பிள்ளைகள் விளையாடுகிற பிள்ளைகள்தான் என்பது அவர் கண்ட அனுபவம். அவர்களில் சிலருக்கு ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை தெரிகிறது.

ஒரு ஆலோசனையை மட்டும் அவர் அண்மையில் திருத்திக்கொண்டார். முன்பெல்லாம் 8 ஜிபியில் வாங்கி, ஆறு மாதம் கழித்து இன்னொரு 8 போட்டுக்கொள்ளுங்கள் என்பார். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கே நினைவகச் சிப்கள் போய்ச் சேர்கின்றன. விலை இப்படி இருக்கும்வரை, 16 ஜிபியாகவே வருவதை வாங்கிவிடுங்கள், அதுவும் இரண்டு 8 ஆக வருவதை என்கிறார்.

வாங்கி வந்த அன்று மாலையே சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லேப்டாப் அடியில் உள்ளதும் ஒன்றுதானா? நிறுவனத் தளத்தில் வாரன்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது? டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது? பேட்டரி ரிப்போர்ட்டில் முழுக் கொள்ளளவு எவ்வளவு? திரை முழுக்கக் கறுப்பு, பிறகு வெள்ளை வைத்து இறந்த புள்ளி ஏதும் உண்டா? எல்லாம் சரியென்றால் பிள்ளையின் விளையாட்டையே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, வேகம் விழுகிறதா என்று பாருங்கள். குறையிருந்தால் மாற்றிக் கேட்கப் பல கடைகள் தரும் அவகாசம் சில நாட்கள்தான். அதற்குள் பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள்.